ஓடினையும் தோரையும் இன்றைக்கும் கும்பிடுகிறார்களா? ஐஸ்லாந்திலிருந்து சில குறிப்புகள்

கேள்வி: அக்டோபர் 12, 2024

ஐஸ்லாந்தில் ஓடின், தோர் என்ற பழைய கடவுள்களைக் கும்பிடும் மதம் ஒன்று அரசு அங்கீகாரத்தோடு நடக்கிறதாமே. ஆயிரம் வருடத்துக்கு முன்னால் விட்டுப்போன சாமியைப் புத்தகத்தைப் பார்த்துத் திரும்பக் கும்பிட முடியுமா? படம் பார்த்து வந்த மோகம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வேஷம் கட்டிக்கொண்டு கொம்பில் பீர் குடிக்கிறார்கள், அவ்வளவுதான். அங்கே இருக்கும் அக்கா, அண்ணன் யாராவது நேரில் பார்த்திருந்தால் சொல்லுங்கள்.

அக்டோபர் 12, 2024, இரவு

பார்த்திருக்கிறேன். ரெய்க்யவிக்கில் ஒன்பது வருடமாக இருக்கிறேன், முதியோர் இல்லத்தில் வேலை.

படத்தால் வந்தது இல்லை. இந்த மதத்துக்காரர்களின் ஆசாத்ரூ சங்கம் தொடங்கியது 1972-இல். 1973-இல் அரசு அங்கீகரித்தது. அவர்கள் பூசகர் நடத்தி வைக்கும் கல்யாணம் சட்டப்படி செல்லும். இறந்தவர்களைப் புதைக்க ஊர் மயானத்தில் தனி இடம்கூட உண்டு. இப்போது உறுப்பினர்கள் 5000-க்கு மேல். மொத்த நாட்டிலேயே நாலு லட்சம் பேர்கூட இல்லை, அதையும் சேர்த்து யோசியுங்கள்.

நம்புகிறார்களா என்றால், கதைகளில் ஓடின் வருவது போல எட்டுக்கால் குதிரையில் ஒற்றைக்கண் மனிதர் ஒருவர் சுற்றுகிறார் என்று யாரும் நம்புவதாகத் தனக்குத் தெரியவில்லை என்று அவர்களுடைய தலைமைப் பூசகர் ஹில்மர் ஊர்ன் ஹில்மர்சனே 2015-இல் செய்தியாளர்களிடம் சொன்னார். கதைகள் கவிதை உருவகம், இயற்கையும் மனித மனமும் அதில் வெளிப்படுகின்றன என்பது அவர் விளக்கம். உங்கள் கேள்விக்கு இதுதான் பதில் என்று நினைக்கிறேன்.

அக்டோபர் 13, 2024

நேற்று அவசரமாக முடித்துவிட்டேன். ஆரம்பித்தவரைப் பற்றிச் சொல்லாமல் இதைப் புரிய வைக்க முடியாது.

ஸ்வைன்பியோர்ன் பைன்டைன்சன். பிறந்தது 1924. ஆடு வளர்க்கும் விவசாயி, திராக்ஹால்ஸ் என்ற பண்ணையில் இருந்தவர். அதோடு மரபுக் கவிஞர். ரீமுர் என்று இந்த ஊரில் ஒரு பாட்டு வகை உண்டு. நீண்ட இருட்டுக் காலத்தில் ஒரே அறையில் கம்பளி நூற்றுக்கொண்டிருப்பவர்களுக்காக ஒருவர் ராகம் போட்டுச் சொல்லும் கதைப்பாட்டு. அதன் யாப்புக்கு 1953-இல் இவர் இலக்கண நூலே எழுதினார். அதாவது சாமிக்கு வருவதற்கு இருபது வருடம் முன்பே பாட்டுக்குள் இருந்தவர். வெள்ளைத் தாடியோடு அவர் நின்று பழைய பாடல்களைச் சொல்லும் ஒலிப்பதிவு இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். வாத்தியம் கிடையாது. குரல் பெரிதாக ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. கிணற்றுக்குள் இருந்து வருவது மாதிரி இருக்கும்.

அங்கீகாரம் கேட்டு 1972 டிசம்பரில் அமைச்சரைப் பார்க்கப் போனார். விளையாட்டுக்குப் பேசுகிறார்கள் என்று அமைச்சர் முதலில் நினைத்தாராம். இவர்கள் வெளியே வந்த கொஞ்ச நேரத்தில் இடி மின்னல் அடித்து நகரின் நடுப்பகுதியில் கரண்ட் போய்விட்டது என்று இன்றும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். தோர் இடிக்குரியவர் இல்லையா.

இன்னொன்றும் கவனியுங்கள். பழைய கடவுள் பாடல்கள் இருக்கும் தோல் சுவடி ஒன்று உண்டு. 1270-களில் எழுதியது, எட்டா பாடல்களின் அரசச் சுவடி என்பார்கள். 1662-இல் டென்மார்க் மன்னருக்கு அனுப்பிவிட்டார்கள். முந்நூறு வருடத்துக்குப் பிறகு, 1971 ஏப்ரல் 21 அன்று, டென்மார்க் கடற்படைக் கப்பலில் அது திரும்பி வந்தது. துறைமுகத்தில் ஆயிரக்கணக்கான பேர் நின்று வரவேற்றார்கள். சங்கம் தொடங்கியது சரியாக அடுத்த வருடம் ஏப்ரலில், கோடைக்காலத்தின் முதல் நாள் என்று இங்கே கொண்டாடும் வியாழக்கிழமையில். ஒரு புத்தகம் கப்பலில் வருவதைப் பார்க்க ஊரே கூடுகிற இடத்தில், அந்தப் புத்தகத்தில் இருக்கிற சாமிக்கு ஆள் கிடைப்பதில் எனக்கு வியப்பு இல்லை.

இந்த நாடு கிறித்தவத்துக்கு மாறியதும் வித்தியாசமான கதை. 1000-ஆம் ஆண்டு (999 என்றும் சொல்வார்கள்) திங்வெட்லிர் சட்ட சபையில் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை வரும் நிலை. சட்டம் சொல்லும் தோர்கெய்ர் என்பவரிடம் முடிவை விட்டார்கள். அவரே பழைய மதத்துக்காரர். ஒரு பகலும் இரவும் போர்வையைப் போர்த்திக்கொண்டு பேசாமல் படுத்திருந்தார். எழுந்து வந்து எல்லாரும் ஞானஸ்நானம் வாங்க வேண்டும் என்றார். ஆனால் ரகசியமாகப் பலி கொடுத்தால் குற்றமில்லை என்றும் சேர்த்துச் சொன்னார். அப்புறம் தன் வீட்டுச் சாமி சிலைகளைக் கொண்டுபோய் அருவியில் போட்டார். அதனால் அந்த அருவிக்குக் கடவுளருவி, கோடாஃபோஸ் என்று பெயர்.

அக்டோபர் 13, 2024, கொஞ்சம் கழித்து

கிழமைகளைச் சொல்ல மறந்தேன். ஆங்கிலத்தில் வியாழன் இன்னும் தோர் பெயரில்தான் இருக்கிறது, புதன் ஓடின் பெயரில். தோர் கதையைக் காப்பாற்றித் தந்த ஐஸ்லாந்தில் மட்டும் அது இல்லை! பன்னிரண்டாம் நூற்றாண்டில் யோன் என்ற பிஷப் கடவுள் பெயர்களைக் கிழமையிலிருந்து எடுக்க வைத்தார். இங்கே வியாழன் வெறும் 'ஐந்தாம் நாள்'. செவ்வாய் 'மூன்றாம் நாள்'. என் வேலை அட்டவணையைப் பார்க்கும்போதெல்லாம் இது ஞாபகம் வரும்.

அக்டோபர் 27, 2024

நேற்று குளிர்காலத்தின் முதல் நாள். பிளோட் நடந்தது, போயிருந்தேன். பிளோட் என்றால் பழைய பொருள் பலி. இப்போது மிருகம் எதையும் வெட்டுவதில்லை. கூடி நின்று பாடல் சொல்வது, கொம்பில் தேன்மது சுற்றி வருவது, பிறகு சாப்பாடு.

வேஷம் என்று கேட்டவருக்காக: என் பக்கத்தில் நின்ற பெண் பனிக்கால ஜாக்கெட் போட்டிருந்தார், காலில் ரப்பர் பூட்ஸ், கையில் தூங்குகிற குழந்தை. எதிரே நின்றவர் பேருந்து ஓட்டுநர் சீருடையிலேயே வந்திருந்தார். ஒரு சிலர் பழைய காலத்து உடுப்பில் இருந்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. நெருப்பு மூட்டினார்கள். காற்று அணைத்தது. திரும்ப மூட்டினார்கள். அதற்கு யாரும் பதறவில்லை.

கொம்பு என் கைக்கு வந்தது. நினைத்ததைவிடக் கனம். விளிம்பில் வெள்ளிப் பூண், உள்ளே தேன் வாசனை. நான் குடிப்பதில்லை. என்ன செய்வது என்று ஒரு நொடி யோசித்துவிட்டு, கொம்பை நெற்றியில் தொட்டுக்கொண்டு, தரையில் இரண்டு சொட்டு ஊற்றி, அடுத்தவரிடம் கொடுத்தேன். அவர் தலையசைத்து வாங்கிக்கொண்டார். கொம்பை வாங்கியவர்கள் ஆளுக்கொரு பெயரைச் சொன்னார்கள். ஒருவர் பிரெய்யா என்ற பெண் தெய்வம், ஒருவர் செத்துப்போன தன் பாட்டி, ஒருவர் தன் பண்ணைக்குப் பின்னால் இருக்கும் மலை.

சொன்ன பாடலில் ஒரு துண்டு மனதில் நின்றுவிட்டது. அரசச் சுவடியில் இருப்பது. தூக்கத்தில் கிடந்த வால்கிரி ஒருத்தியை (போரில் யார் சாவது என்று தேர்ந்தெடுக்கும் ஓடினின் பெண்களில் ஒருத்தி) சிகுர்ட் என்ற வீரன் எழுப்புகிறான். அவள் எழுந்து உட்கார்ந்து, கொம்பு நிறையத் தேன்மது எடுத்துக்கொண்டு, முதலில் செய்வது இந்த வேண்டுதல். அந்தக் கடவுள்களிடம் நேராகப் பேசும் வேண்டுதல் மிகக் குறைவாகவே மிஞ்சியிருக்கிறது, அதில் இது ஒன்று. அவசரத்துக்கு நான் செய்த தமிழ்:

பகலுக்கு வணக்கம், பகலின் பிள்ளைகளுக்கு வணக்கம்,
இரவுக்கும் அவள் மகளுக்கும் வணக்கம்.
கோபமற்ற கண்களால் எங்களைப் பாருங்கள்,
அமர்ந்திருக்கும் எங்களுக்கு வெற்றி தாருங்கள்.
ஆண் தெய்வங்களுக்கு வணக்கம், பெண் தெய்வங்களுக்கு வணக்கம்,
பயன் மிகுந்த இந்தப் பூமிக்கு வணக்கம்.
பேச்சும் அறிவும் எங்கள் இருவருக்கும் தாருங்கள்,
வாழும் வரை குணப்படுத்தும் கரங்களைத் தாருங்கள்.

இரவின் மகள் என்பது பூமி. கடைசி வரியைக் கேட்டபோது கையுறைக்குள் என் விரல்களைப் பார்த்துக்கொண்டேன். நாள் முழுக்கப் பிறர் உடம்பைத் தூக்கி, துடைத்து, மருந்து போடுகிற கை.

நவம்பர் 3, 2024

அந்தத் தமிழ் எனக்கே பிடிக்கவில்லை. பொருள் இருக்கிறது, பாட்டு செத்துவிட்டது. ஏன் என்று இந்த வாரம்தான் பிடிபட்டது.

எங்கள் இல்லத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார். தொண்ணூறு தாண்டியவர், முன்னாள் மீனவர். ஞாயிறு காலை வானொலியில் சர்ச் ஆராதனை கேட்காமல் காப்பி குடிக்க மாட்டார். அவர் அறையில் படுக்கை விரிப்பு மாற்றும்போது, இந்த வேண்டுதலைத் தெரியுமா என்று கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் சொன்னார். சொல்லும்போது வலது கையின் இரண்டு விரலால் நாற்காலிக் கையில் தட்டினார். எல்லாச் சொல்லுக்கும் இல்லை. சில சொல்லுக்கு மட்டும். எதற்குத் தட்டுகிறீர்கள் என்றதும், கால் ஊன்றாமல் நடக்க முடியுமா என்றார்.

அவர் தட்டியது மோனைக்கு. ஆமாம், நம்முடைய மோனைதான், வேறு சொல் தேட வேண்டியதில்லை. 'ஹெய்ல் தாக்ர், ஹெய்லிர் தாக்ஸ் சினிர்', இங்கே ஹ-வும் ஹ-வும். 'ஹெய்ல் நோட் ஓக் நிஃப்ட்', ந-வும் ந-வும். வெற்றி கேட்கும் வரியில் 'சிட்யொந்தும் சிகுர்'. கடைசி வரியில் 'லைக்னிஸ்', 'லிவும்', ல-வும் ல-வும். அடிக்கு அடி இந்த ஊன்றல் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் அது பாட்டே இல்லை.

உயிரெழுத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் விதி இன்னும் தாராளம். எந்த உயிரும் எந்த உயிரோடும் மோனையாகும். 'ஓரெய்துமும்' 'அவ்குமும்' பொருந்தும். நமக்கு அ, ஆ, ஐ, ஔ ஓர் இனம், இ, ஈ, எ, ஏ ஓர் இனம், உ, ஊ, ஒ, ஓ ஓர் இனம் என்று மூன்று வீடாகப் பிரித்திருக்கிறோம். அவர்களுக்கு எல்லாம் ஒரே வீடு. ஆனால் ஸ்ப, ஸ்த, ஸ்க மூன்றும் தன் தன் கூட்டோடு மட்டும்தான் சேரும், வெறும் ச-வோடு சேராது. பள்ளிக்கூடத்தில் மோனை எதுகை மனப்பாடம் செய்தது, வட துருவத்துக்குப் பக்கத்தில் ஒரு கிழவரோடு பேச உதவும் என்று யார் நினைத்தது!

இந்த ஊன்றலுக்கு அவர்கள் சொல் 'ஸ்துத்லர்'. எரிமலைக் குழம்பு ஆறும்போது அறுகோணத் தூண் தூணாகப் பாறை நிற்கும் இல்லையா, அதற்கும் அதே சொல்தான், ஸ்துத்லாபெர்க். தெற்குக் கடற்கரைக்கு வரும் சுற்றுலாக்காரர்கள் எல்லாரும் அந்தத் தூண்களின் மேல் ஏறிப் படம் எடுப்பார்கள்.

நவம்பர் 4, 2024

திருத்தம். அக்டோபர் 13 குறிப்பில் தோர்கெய்ர் சிலைகளை அருவியில் போட்டார் என்று எழுதினேன். அந்தக் கதை பழைய நூல்கள் எதிலும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்து ஒட்டிக்கொண்டது. போர்வை, ஒரு பகல் ஓர் இரவு, ரகசியப் பலிக்கு அனுமதி, இவை எல்லாம் பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஆரி எழுதிய ஐஸ்லாந்தர் வரலாற்றில் உள்ளவை. அருவியை மட்டும் அழித்துப் படியுங்கள். அங்கே போய் நின்று அந்தக் கதையைக் கேட்டு அழுதவள் நான், எனக்கே கஷ்டமாக இருக்கிறது.

நவம்பர் 20, 2024

"பூசாரியும் இல்லை, கோவிலும் இல்லை, பிறகு எப்படி ஆயிரம் வருடம் இந்தக் கதைகள் தங்கின?" என்று கேட்டிருக்கிறார்கள். நல்ல கேள்வி, எனக்கு மிகப் பிடித்த பகுதியும் இதுதான்.

யாப்பு காப்பாற்றியது. இவர்கள் பழைய அவைக் கவிதையில் எதையும் நேராகச் சொல்ல மாட்டார்கள். தங்கத்தைத் தங்கம் என்றால் கவிஞனுக்கு மரியாதை இல்லை. 'சிஃப்பின் கூந்தல்' என்பார்கள், அல்லது 'பிரெய்யாவின் கண்ணீர்'. சிஃப் தோரின் மனைவி. லோகி என்ற குறும்புக் கடவுள் அவள் முடியை வெட்டிவிட, குள்ளர்கள் தங்கத்தில் முடி செய்து கொடுத்தார்கள். இந்தக் கதை தெரியாதவனுக்குக் கவிதையின் ஒரு வரிகூட விளங்காது. ஆக, நாடு கிறித்தவமாகி இருநூறு வருடம் ஆன பிறகும் கவிஞனாக விரும்புகிறவன் பழைய சாமிக் கதைகளைப் படித்தே ஆக வேண்டும். 1220 வாக்கில் ஸ்னோர்ரி ஸ்டுர்லுசன் இதற்காகவே எட்டா என்ற நூலை எழுதினார். அரசச் சுவடியின் பாடல்கள் இல்லை இது, கவிஞர்களுக்கான கையேடு. அவர் கிறித்தவர். பெரிய அரசியல்வாதி, 1241-இல் தன் வீட்டு நிலவறையில் கொல்லப்பட்டார். பக்திக்காக எழுதவில்லை, இளம் கவிஞர்கள் யாப்பை விட்டுவிடக் கூடாதே என்று எழுதினார். சிலப்பதிகாரத்தில் வேட்டுவ வரியைப் படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. கொற்றவை முன்னால் அந்த எயினர் ஆடுவதை எழுதியவரைச் சமணர் என்றுதானே சொல்கிறோம்.

ஸ்னோர்ரி சொல்லும் கதையில் கவிதையே ஒரு பானம். க்வாசிர் என்ற அறிவாளியின் ரத்தத்தில் தேன் கலந்து செய்தது. ஓர் அரக்கன் அதை மலைக்குள் பூட்டி வைத்திருந்தான். ஓடின் பாம்பாகித் துளை வழியே நுழைந்து, மூன்று பாத்திரத்தையும் குடித்துவிட்டு, கழுகாகிப் பறந்து வந்தார். கடவுள்கள் முற்றத்தில் பாத்திரங்களை வைத்துக் காத்திருந்தார்கள். துரத்தி வந்த அரக்கன் மிக நெருங்கிவிட, அவசரத்தில் கொஞ்சம் பின்பக்கமாகவும் சிந்திவிட்டதாம். அது யாருக்கும் சொந்தம் இல்லை, வேண்டியவன் எடுத்துக்கொள்ளலாம். மோசமான கவிஞர்கள் பங்கு என்று அதற்குப் பெயர். பெரியவர் அறையில் இதைப் படித்தபோது அவர் சிரித்த சிரிப்புக்குப் பக்கத்து அறை அம்மா எட்டிப் பார்த்தார்கள்.

டிசம்பர் 22, 2024

நேற்று வருடத்தின் மிகக் குறுகிய நாள். பதினொன்றரை வாக்கில் வெளிச்சம் வந்தது, மூன்றரைக்குப் போய்விட்டது.

அக்டோபர் 12 அன்று எழுதிய பதிலைப் பாதி திரும்பப் பெறுகிறேன். ஹில்மர் சொன்னது உண்மை, ஒற்றைக்கண் மனிதரை யாரும் அப்படி நம்பவில்லை. ஆனால் 'உருவகம்' என்பதோடு நான் முடித்தது தப்பு. நேற்று இருட்டில் மெழுகுவத்தி ஏந்தி நின்ற ஒருவரிடம் நேரடியாகக் கேட்டேன். நீங்கள் நம்புகிறீர்களா என்றதும், நம்புகிறேனா என்று என்னையே நான் கேட்டதில்லை, சூரியன் திரும்ப வேண்டிய நாளில் வெளியே வந்து நின்று வரவேற்காமல் எனக்கு இருக்க முடியாது என்றார். நம்பிக்கை என்ற சொல்லை வைத்து அளப்பது நாம்தான். அவர்கள் அளவுகோல் வேறு. வந்தாயா, நின்றாயா, பாட்டைச் சரியாகச் சொன்னாயா.

பெரியவரிடமும் கேட்டேன். தோரை நம்புகிறீர்களா? நான் லூத்தரன் என்றார், கொஞ்சம் கோபமாகவே. பிறகு கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, படகில் இருந்தபோது கர்த்தரையும் கூப்பிட்டிருக்கிறேன், கேட்கக்கூடிய மற்றவர்களையும் கூப்பிட்டிருக்கிறேன் என்றார்.

ஜனவரி 19, 2025

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு வாரம் யோசித்தேன்.

2021 மே மாதம் தூத்துக்குடியில் அப்பா இறந்தார். அந்த நேரத்தில் விமானம் எப்படி இருந்தது என்று எல்லாருக்கும் தெரியும். போக முடியவில்லை. ஒன்பது நிமிடம் வீடியோ அழைப்பில் பார்த்தேன், நடுவில் இரண்டு தடவை நின்றுவிட்டது. இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் கூட வேலை பார்க்கும் பிலிப்பைன்ஸ் அக்கா கஞ்சி வைத்து எடுத்து வந்து, நான் குடிக்கும் வரை கதவருகே ஷூவைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

எகில் ஸ்கல்லக்ரிம்சன் கதையை அதற்குப் பிறகுதான் படித்தேன். பத்தாம் நூற்றாண்டுக் கவிஞர், முரடர், ஓடினைக் கும்பிட்டவர். மகன் பொத்வர் கடலில் மூழ்கி இறந்தான். எகில் அவனைப் புதைத்துவிட்டு, கதவைத் தாழிட்டுக்கொண்டு, பட்டினி கிடந்து சாகப் படுத்துவிட்டார். மகள் தோர்கெர்த் வந்தாள். நானும் உங்களோடு சாகிறேன், கதவைத் திறங்கள் என்றாள். பக்கத்துக் கட்டிலில் படுத்து எதையோ மென்றாள். என்ன மெல்கிறாய்? கடற்பாசி. உடம்புக்குக் கெடுதலா? ரொம்பக் கெடுதல், தரட்டுமா? அவரும் வாங்கி மென்றார். அது உப்பு. தாகம் எடுத்தது. தண்ணீர் என்று சொல்லிப் பால் கொடுத்துவிட்டார்கள். ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்ததும் மகள் சொன்னாள்: சரி, தம்பிக்கு ஒரு இரங்கற்பா கட்டுங்கள், நான் எழுதி வைக்கிறேன், அதற்குப் பிறகு வேண்டுமானால் சாவோம்.

'நாவை அசைப்பது எனக்கு மிகக் கடினமாய் இருக்கிறது' என்று அந்தப் பாட்டு தொடங்கும். கடலோடு வாள் எடுத்துச் சண்டை போட முடிந்தால் போடுவேன் என்பார். ஓடினோடு எனக்கு நல்ல நட்பு இருந்தது, அவர்தான் முறித்தார், இனி மனம் ஒப்பி அவரை வணங்கவில்லை என்பார். ஆனால் அடுத்து வரும் வரிகளைப் பாருங்கள். கணக்கைச் சரியாகப் பார்த்தால் ஈடு ஒன்றும் கொடுத்திருக்கிறார், குறையில்லாத ஒரு கலையைக் கொடுத்திருக்கிறார். அந்தக் கலை கவிதை. சாமியைத் திட்டுகிற பாட்டுக்குள்ளேயே, திட்டுவதற்கு வாய் கொடுத்தவரும் அவரே என்று கண்டுபிடிக்கிறார். முடியும்போது எழுந்து உட்காருகிறார்.

போர்க் என்ற அந்தப் பண்ணைக்குப் போயிருக்கிறேன், ரெய்க்யவிக்கிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். அந்தப் பாட்டின் பெயரில் ஒரு சிற்பம் நிற்கிறது. போகும் வழியில் கடையில் அந்தக் கடற்பாசிப் பாக்கெட் வாங்கினேன், இன்றைக்கும் விற்கிறார்கள். கருஞ்சிவப்பாகக் கசங்கிய தாள் மாதிரி இருக்கும். வாயில் போட்டதும் தோல் போல வழுக்கி, பிறகு உப்பு இறங்கும். அப்பா உப்பளத்தில் வேலை பார்த்தவர்.

எனக்கு ஓடின் சாமியா என்று யாரும் கேட்க வேண்டாம். அந்தப் பாட்டை நான் அங்கே நின்று சத்தமாகப் படித்தேன். அன்றைக்கு அது எனக்குத் திதி கொடுத்தது மாதிரி இருந்தது.

பிப்ரவரி 9, 2025

"ஹெய்ல் என்றால் ஹிட்லருக்குச் சொன்ன சொல் இல்லையா, இந்தக் குறியீடுகளை வெள்ளை இனவெறிக் கும்பல்கள் வைத்திருக்கிறார்களே" என்று கேட்டவருக்கு.

வைத்திருக்கிறார்கள். ரூன் என்ற பழைய வட ஐரோப்பிய எழுத்தை நாஜிகள் சட்டைக் காலரில் குத்திக்கொண்டார்கள். இன்றும் பல நாடுகளில் தோரின் சுத்தியலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வெறுப்புப் பேசுகிற கூட்டம் உண்டு. இது எனக்குக் கோபம் தரும் விஷயம், ஆறிய குரலில் எழுத வரவில்லை. ஐஸ்லாந்துச் சங்கம் அவர்களை வெளிப்படையாக மறுத்துவிட்டது. ஒரே பாலினத்தவர் திருமணத்தை ஆதரித்ததற்காக ஹில்மருக்கு 2015-இல் வெளிநாட்டிலிருந்து வசைக் கடிதங்கள் வந்தன. அனுப்பியவர்களும் அதே கடவுள் பெயரைச் சொல்லிக்கொள்பவர்கள்தான்.

சொல்லைப் பொறுத்தவரை, ஹெய்ல் என்பதற்கு அடிப்படைப் பொருள் முழுமையாக, நோய் நொடி இல்லாமல் இருப்பது. எங்கள் இல்லத்துப் பாட்டிகள் இன்றும் இந்தச் சொல்லை வைத்து வாழ்த்துவார்கள். அதை ஒரு பன்னிரண்டு வருட ஆட்சிக்கு விட்டுக்கொடுக்க அவர்களுக்கு மனம் இல்லை. கறுத்த தோல்காரி நான் அந்தக் கொம்பை வாங்கினேன், யாரும் முகம் சுளிக்கவில்லை. என்னால் சொல்ல முடிந்த சாட்சி இதுதான்.

மார்ச் 16, 2025

தேசிய அருங்காட்சியகத்தில் தோர் என்று வைத்திருக்கும் வெண்கலச் சிலையைப் பார்த்தேன். ஆறேழு சென்டிமீட்டர்தான், என் நடுவிரல் உயரம். ஆயிரம் வருடப் பழசு. நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், கூம்புத் தொப்பி, முழங்காலுக்கு நடுவில் இரண்டு கையாலும் எதையோ பிடித்திருக்கிறார். சுத்தியல் என்கிறார்கள். பலகை விளையாட்டுக் காய் என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு. கண் உருண்டை, பார்வை நேராக நம்மை நோக்கி. அரை மணி நேரம் நின்றேன். காயாகவே இருந்தாலும் யாரோ ஒருவர் உள்ளங்கையில் வைத்து வைத்துத் தேய்ந்த பொருள் என்று தோன்றியது.

அரசச் சுவடியையும் கண்ணாடிக்குள் பார்த்தேன். கைக்கு அடக்கமான பழுப்புப் புத்தகம், 45 ஏடு. தங்கமும் இல்லை, படமும் இல்லை, இடம் வீணாகக் கூடாது என்று நெருக்கி எழுதிய எழுத்து. நடுவில் எட்டு ஏடு காணாமல் போயிருக்கிறது. போன இடம் எது தெரியுமா? அந்த வால்கிரியின் பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே அறுந்துவிடும். வேண்டுதல் அதற்கு முன்னால் இருக்கிறது. சில ஏடு முன்னால் கிழிந்திருந்தால் குளிரில் நின்று சொல்ல இவர்களுக்கு அது இருந்திருக்காது.

மார்ச் 17, 2025

சங்கம் கட்ட நினைத்த கோவில் என்ன ஆயிற்று என்று கேட்டிருக்கிறார்கள். ரெய்க்யவிக்கில் இருக்கும் ஓஸ்க்யுலித் குன்றில் இடம் கொடுத்தார்கள். 2015 மார்ச் 20 சூரிய கிரகணத்தன்று அந்த இடத்தைப் புனிதப்படுத்தினார்கள். பணமும் கட்டுமானமும் இழுத்துக்கொண்டே போய், நினைத்ததைவிடப் பல வருடம் தாமதம். அதற்காக எந்தப் பிளோட்டும் நிற்கவில்லை.

ஏப்ரல் 25, 2025

நேற்று கோடையின் முதல் நாள். காலையில் பனித்தூறல். சங்கத்துக்கு 53 வருடம். நான் போகவில்லை, பகல் ஷிஃப்ட்.

பெரியவருக்கு இப்போது மூச்சு வாங்குகிறது, அதிகம் பேச முடியாது. காலையில் முதுகைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தபோது, உன் தமிழ் எங்கே என்றார். நான் இந்த வேண்டுதலைத் தமிழில் கட்டிக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியும்.

கடைசி வரியில்தான் ஆறு மாதமாக மாட்டியிருந்தேன். 'லைக்னிஸ்ஹெந்தர்', மருத்துவக் கைகள். 'குணப்படுத்தும் கரங்கள்' என்று அக்டோபரில் எழுதியது ஜெபக்கூட்டத் துண்டறிக்கை மாதிரி இருந்தது. போன வாரம் அம்மாவோடு போனில் பேசும்போது, ஊரில் புதிதாக வந்த டாக்டரைப் பற்றி "அவருக்கு நல்ல கைராசிடி" என்றார்கள். போனைக் காதில் வைத்தபடியே எழுந்து நின்றுவிட்டேன். கைராசி! இவ்வளவு நாளும் அகராதியில் தேடிய சொல் எங்கள் வீட்டுத் திண்ணையில் இருந்திருக்கிறது. 'வணக்கம்' என்பதையும் எடுத்துவிட்டேன். நோய் நொடி இல்லாமல் இரு என்பதற்கு நம்மிடம் வாழி இருக்கிறதே.

பகலே வாழி, பகலின் மைந்தர் வாழி,
இரவே வாழி, இரவின் மகளும் வாழி.
சினமில்லாக் கண்ணால் சற்றே எம்மைப் பாருங்கள்,
வீற்றிருக்கும் எமக்கு வெற்றி தாருங்கள்.
தேவர் வாழி, தேவியர் வாழி,
எல்லாம் ஈனும் இந்நிலம் வாழி.
சொல்லும் அறிவும் எங்கள் இருவர்க்கும் சுரந்து தாருங்கள்,
கையிலே ராசியும் தாருங்கள், காலம் உள்ளவரை.

எல்லாம், ஈனும், இந்நிலம் மூன்றும் ஒரே இனம், கவனித்திருப்பீர்கள். பூமி வரிக்கு அப்படித் தானாக அமைந்தது. 'பகல்' இரண்டு தடவை வருவதை மோனை என்று சொல்ல முடியாது, முதல் அடி இன்னும் சரியில்லை. யாருக்காவது நல்ல யோசனை இருந்தால் எழுதுங்கள்.

அவரிடம் சொன்னேன். ஒரு சொல்கூட அவருக்குப் புரியாது. விரலைத் தூக்கி நாற்காலிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். 'எல்லாம் ஈனும்' வந்தபோது தட்டினார். கடைசி வரியில் 'கையிலே' என்றதும் ஒரு தட்டு, 'காலம்' என்றதும் ஒரு தட்டு.

ஏப்ரல் 25, 2025, இரவு

அவர் முதல் அடிக்குத் தட்டவில்லை. அதை எழுத மறந்துவிட்டேன்.